ப்ளோயர் மக்கர் செய்கிறதா? மோட்டாருக்குக் காசு கொடுப்பதற்கு முன்

மூன்று வருடம் முன்பு, சித்திரை மாதத்து மத்தியானம், கப்பலூர் டோல்கேட் வரிசையில் நிற்கும்போது என் காரின் ப்ளோயர், அதாவது ஏசி காற்றை உள்ளே தள்ளும் விசிறி, அடங்கிவிட்டது. குமிழை ஒன்றிலிருந்து இரண்டுக்கும் மூன்றுக்கும் திருகிப் பார்த்தேன், மூச்சே இல்லை. நாலில் வைத்ததும் முகத்தில் அறைகிற மாதிரி காற்று வந்தது. காது அடைக்க அடைக்க நாலிலேயே வைத்து மதுரை வந்து சேர்ந்து, பக்கத்தில் இருந்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். "மோட்டார் போச்சு சார், மாத்திடலாம்" என்றார் அங்கிருந்தவர். நாலில் புயலாக அடிக்கிற மோட்டார் எப்படிப் போயிருக்கும்? அந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்து கிளவ் பாக்ஸைக் கழற்றினேன். முதல் முறை தப்பாகச் சரிசெய்தேன், இரண்டாம் முறைதான் சரியாகச் செய்தேன். அந்தக் கதை கீழே வரும்.

ப்ளோயரில் ஒரு வசதி உண்டு. எந்த வேகத்தில் ஓடுகிறது, எதில் ஓடவில்லை என்பதே பாதி நோயைச் சொல்லிவிடும். அதனால் அறிகுறிவாரியாக எழுதுகிறேன். இது பெரும்பாலும் குமிழைத் திருகி நாலு வேகம் வைக்கும் சாதாரண ஏசி கார்களுக்கு. குளிரை வைத்தால் விசிறி வேகத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் ஆட்டோ க்ளைமேட் வைத்திருப்பவர்களுக்குக் கடைசிப் பக்கம் கொஞ்சம் இருக்கிறது.

கரண்ட் போகும் பாதை

பாட்டரி, பியூஸ், ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்), மோட்டார், ரெசிஸ்டர் (கரண்டை மட்டுப்படுத்தி வேகத்தைக் குறைக்கும் பாகம்), வேகக் குமிழ், எர்த் (பாட்டரி மைனஸோடு சேர்ந்த வண்டியின் பாடி). ஜப்பான் வடிவமைப்பில் வந்த பல கார்களில் இதுதான் வரிசை. அதாவது மோட்டாருக்கு ப்ளஸ் நேராக வந்துவிடும், குமிழ் வேலை செய்வது எர்த் பக்கத்தில். வேறு சில கார்களில் குமிழும் ரெசிஸ்டரும் ப்ளஸ் பக்கத்தில் இருக்கும், மோட்டாரின் இன்னொரு ஒயர் நேரே பாடி எர்த்துக்குப் போகும். உங்கள் கார் எந்த ரகம் என்று தெரியாமல் மீட்டரை வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

கண்டுபிடிப்பது சுலபம். சாவியை எடுத்துவிட்டு, மோட்டாரின் கப்ளரை, அதாவது ஒயர் முனையில் இருக்கும் பிளக்கை, பிடுங்குங்கள். கப்ளரின் இரண்டு பின்னுக்கும் பாடிக்கும் நடுவில் ஓம் பாருங்கள். குமிழ் பூஜ்யத்தில் இருந்தாலும் நாலில் இருந்தாலும் ஒரு பின் எப்போதும் பூஜ்ய ஓம் காட்டினால் அது நேரடி எர்த், குமிழ் ப்ளஸ் பக்கம். நாலில் வைக்கும்போது மட்டும் பூஜ்யத்துக்கு இறங்கினால் குமிழ் எர்த் பக்கம்.

கருவி என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லேம்ப், ஸ்க்ரூ டிரைவர், டார்ச். டெஸ்ட் லேம்ப் என்றால் கடையில் விற்கும் எல்இடி பேனா இல்லை. இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பில் இரண்டு ஒயரைப் பற்றவைத்த நாட்டு லேம்ப். மல்டிமீட்டர் கரண்ட் இழுக்காது. பத்து இழை ஒயரில் ஒன்பது அறுந்து ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டி ஏமாற்றும். 21 வாட் பல்பு ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும். பாதையில் நோய் இருந்தால் பல்பு மங்கிவிடும்.

இரண்டு எச்சரிக்கை. கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் மஞ்சள் நிற ஒயரோ கப்ளரோ தெரிந்தால் அது ஏர்பேக். அதில் லேம்பும் வேண்டாம், மீட்டரும் வேண்டாம். அந்த இடத்தில் கை வைக்க வேண்டியிருந்தால் பாட்டரியின் மைனஸைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருந்து தொடங்குங்கள். இன்னொன்று, ப்ளோயரின் கரண்டை மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் ஓட்டை வழியாக அளக்காதீர்கள். முழு வேகத்தில் ப்ளோயர் அதைத் தாண்டும், மீட்டருக்குள் இருக்கும் பியூஸ் போகும். டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருந்தால் ஒயரைச் சுற்றி மாட்டி அளக்கலாம்.

நாலில் மட்டும் ஓடுகிறது

அதிகம் பேருக்கு வருவது இதுதான். என் காருக்கு வந்ததும் இதுதான்.

ஒன்று, இரண்டு, மூன்றில் கரண்ட் ரெசிஸ்டர் வழியாகப் போகும். நாலில் ரெசிஸ்டரைத் தொடாமல் நேராகப் போகும். நாலில் ஓடினால் மோட்டார் நன்றாக இருக்கிறது, பியூஸ் நன்றாக இருக்கிறது, ரிலே நன்றாக இருக்கிறது. மிச்சம் ரெசிஸ்டரும் அதன் கப்ளரும்தான்.

ரெசிஸ்டர் பெரும்பாலும் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால், ப்ளோயர் கூட்டின் பக்கவாட்டில், இரண்டு ஸ்க்ரூவில் நிற்கும். வெளியே கப்ளர் மட்டும் தெரியும். ஸ்க்ரூவைக் கழற்றி இழுத்தால் உள்ளிருந்து ஸ்பிரிங் மாதிரி சுருள்களோ, ஒரு வெள்ளைப் பீங்கான் தகடோ வெளியே வரும். காற்றுப் பாதைக்குள் அது நீட்டிக்கொண்டிருப்பதற்குக் காரணம் உண்டு. ஒன்றாம் வேகத்தில் 4 ஆம்பியர் ஓடுகிறது, ரெசிஸ்டரில் 8 வோல்ட் விழுகிறது என்று வையுங்கள். 32 வாட் சூடு. ரேடியோ வேலைக்கு வீட்டில் வைத்திருக்கும் சால்டரிங் அயன் 25 வாட்தான். அந்தச் சூட்டை ப்ளோயரின் சொந்தக் காற்றே ஆற்ற வேண்டும்.

காற்று ஆற்றாவிட்டால் தீப்பிடிக்காமல் காக்க அதில் ஒரு தெர்மல் பியூஸ் இருக்கும். சின்ன உருளையாகவோ, ஈயத்தால் பிடித்த ஒரு வில் தகடாகவோ இருக்கும். சூடு எல்லை மீறினால் அறுந்துவிடும், ஒன்று இரண்டு மூன்று மூன்றுமே சேர்ந்து போகும். சுருள்களில் ஒன்று மட்டும் அறுந்திருந்தால் ஒரு வேகமோ இரண்டு வேகமோ மட்டும் போகும். இந்த வித்தியாசத்தைக் குமிழைத் திருகும்போதே தெரிந்துகொள்ளலாம்.

ஓம் அளக்கும்போது முதலில் மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். 0.2, 0.3 என்று ஏதாவது காட்டும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். ரெசிஸ்டரின் பின்களுக்கு நடுவில் அரை ஓமிலிருந்து சில ஓம் வரை வரும். ஒரு பின்னிலிருந்து மற்ற எதற்கும் எதுவும் காட்டவில்லை என்றால் தெர்மல் பியூஸ் அறுந்துவிட்டது.

என் கதைக்கு வருகிறேன். ரெசிஸ்டரைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கி மாட்டினேன். பத்து நிமிட வேலை. ஒர்க்‌ஷாப்பில் சொன்ன தொகையை மிச்சம் பிடித்த பெருமையில் இருந்தேன். ஆடி முடிவதற்குள் மறுபடியும் அதே நோய். இந்த முறை கப்ளரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஒரு பின்னைச் சுற்றி மட்டும் டிகாஷன் நிறத்தில் வட்டம், ஓட்டை கொஞ்சம் உருகிக் கோணியிருந்தது. உள்ளே இருக்கும் பித்தளைப் பெட்டி தளர்ந்து, புது ரெசிஸ்டரின் பின்னைப் பிடிக்கவே இல்லை. அப்புறம் ப்ளோயர் காற்றை வடிகட்டும் கேபின் பில்ட்டரை உருவினேன். வேப்பம்பூவும் தூசியும் சேர்ந்து கம்பளி மாதிரி இருந்தது. நான் வண்டியை நிறுத்துவது வேப்ப மரத்தடியில். முதல் முறை இந்த இரண்டையும் பார்க்காமல் எரிந்ததை மட்டும் மாற்றியிருந்தேன்.

பில்ட்டர் அடைத்தால் மோட்டார் திணறி அதிக கரண்ட் இழுக்கும், அதனால் ரெசிஸ்டர் எரியும் என்று மெக்கானிக்குகளே சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்த உருளைச் சக்கர விசிறியில் நடப்பது நேர்மாறு. காற்றை அடைத்தால் தள்ளுவதற்குக் காற்று இல்லை, பாரம் குறையும், கரண்டும் குறையும். சந்தேகம் இருந்தால் வீட்டு வேக்குவம் கிளீனரின் வாயைக் கையால் மூடிப் பாருங்கள், மோட்டார் சத்தம் ஏறுமே தவிர இறங்காது. ரெசிஸ்டர் எரிவது ஆற்றுவதற்குக் காற்று வராததால். மோட்டார் நிஜமாகவே அதிகம் இழுப்பது அதன் தண்டைத் தாங்கும் புஷ் காய்ந்து இறுகும்போது. விசிறிச் சக்கரத்தைக் கையால் சுண்டிவிட்டால் சில சுற்று தானாகச் சுற்ற வேண்டும். உடனே நின்றால், கீச்சிட்டால், அடுத்த ரெசிஸ்டரை எரிக்கப்போவது அதுதான்.

கப்ளரில் உருகல் தெரிந்தால் ரெசிஸ்டரோடு கப்ளரையும் மாற்றுங்கள். ஒயரோடு சேர்ந்த கப்ளர் ஸ்பேர் கடையில் தனியாகக் கிடைக்கும். சென்னைக்காரர்கள் புதுப்பேட்டையில் பழைய வண்டியிலிருந்து வெட்டி எடுத்ததை வாங்குவார்கள், உருகாததாகப் பார்த்து எடுத்தால் தப்பில்லை. ஒயரை முறுக்கி டேப் சுற்றும் வேலை மட்டும் இங்கே கூடாது. இணைப்பில் பத்தில் ஒரு ஓம் தடை இருந்தாலே 12 ஆம்பியரில் 14 வாட்டுக்கு மேல் சூடு, அதுவும் ஒரு சின்னப் புள்ளியில்.

தெர்மல் பியூஸைத் தாண்டி ஒரு ஒயரைப் பற்றவைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். பிரிட்டனில் வாக்ஸால் சஃபீரா பி கார்கள் அடுத்தடுத்து உள்ளிருந்து தீப்பிடித்தபோது விசாரணை போய் நின்ற இடம் இந்த ப்ளோயர் ரெசிஸ்டர்தான். தெர்மல் பியூஸைச் சிலர் தப்பாகப் பழுதுபார்த்ததே காரணம் என்றது கம்பெனி. 2015-இல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தார்கள், அதுவும் போதாமல் 2016-இல் மறுபடி அழைத்தார்கள். நாடாளுமன்றக் குழு வரை விவகாரம் போனது. அந்தச் சின்ன ஈயப் பொட்டு அறுவதற்காகவே வைத்தது.

ஒன்று, இரண்டு, மூன்று ஓடுகிறது, நாலில் மட்டும் இல்லை

இங்கே ரெசிஸ்டருக்கு வேலை இல்லை. நாலாம் வேகத்துக்கென்று தனி ரிலே இருக்கும் கார்களில் அது. இல்லாவிட்டால் வேகக் குமிழின் உள்தகடு. நாலில்தான் அதிகக் கரண்ட், அதனால் அந்தப் புள்ளிதான் முதலில் கருகும். குமிழின் பின்பக்கக் கப்ளரைப் பிடுங்கி மோந்து பாருங்கள். கருகிய பிளாஸ்டிக் வாசனையைத் தவறவே விட முடியாது.

எதிலுமே ஓடவில்லை

முதலில் பியூஸ். கண்ணால் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம், பிளேடு பியூஸின் முதுகில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் தெரியும். சாவியை ஆன் செய்து, குமிழை ஒன்றில் வைத்து, லேம்பின் ஒரு ஒயரை எர்த்தில் வைத்து, இரண்டு புள்ளியையும் தொடுங்கள். இரண்டிலும் எரிய வேண்டும். ஒன்றில் மட்டும் எரிந்தால் பியூஸ் போய்விட்டது. பியூஸ் போனால் அடுத்த தலைப்புக்குப் போங்கள். இரண்டிலுமே எரியவில்லை என்றால் அந்தப் பியூஸ் ரிலேவுக்குப் பின்னால் இருக்கலாம், ரிலேவைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ரிலேவின் கால்களில் எண் போட்டிருக்கும்: 85, 86 சுவிட்சை இழுக்கும் காயில், 30, 87 கரண்ட் போகும் பாதை. "டிக்" சத்தம் கேட்டது, அதனால் ரிலே நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக்கூடாது. காயில் இழுத்தது என்றுதான் அதற்கு அர்த்தம், உள்ளே தொடும் புள்ளி கருகியிருந்தால் கரண்ட் போகாது. அதே எண்ணுள்ள ஹாரன் ரிலேவை மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதான் சீக்கிரம் முடிகிற சோதனை.

அடுத்து மோட்டாரின் கப்ளர். அதைப் பிடுங்காமல், பின்பக்கமாக மீட்டர் ஊசியை நுழைத்து இரண்டு ஒயரையும் பாடியோடு அளந்து பாருங்கள். எர்த் பக்கம் குமிழ் இருக்கும் கார்களில் இங்கே ஒரு வேடிக்கை உண்டு. இரண்டு ஒயரிலுமே 12 வோல்ட் காட்டும்! மோட்டாருக்கு வந்த ப்ளஸ், சுருளைக் கடந்து, போக வழியில்லாமல் மறுபக்கம் நிற்கிறது. எர்த் அறுந்திருக்கிறது என்று அர்த்தம்: குமிழோ, குமிழிலிருந்து பாடிக்குப் போகும் ஒயரோ, அந்த எர்த் போல்ட்டில் துருவோ. ஒரு பக்கம் 12, மறுபக்கம் பூஜ்யம், ஆனாலும் சுற்றவில்லை என்றால்தான் மோட்டார் குற்றவாளி. இரண்டிலும் பூஜ்யம் என்றால் ப்ளஸ் வரவே இல்லை, ரிலேவுக்குத் திரும்புங்கள்.

மோட்டார் மேல் சந்தேகம் வந்த பிறகு அதன் கூட்டை ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் லேசாகத் தட்டுங்கள். தட்டியதும் ஓடினால், மோட்டாரின் சுழலும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. சில நாள் தட்டித் தட்டி ஓட்டலாம், அப்புறம் ஒரு நாள் கொட்டும் மழையில் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருக்கும்போது கைவிடும். கழற்றிய மோட்டாரை நேராகப் பாட்டரியில் சோதிப்பதானால் நடுவில் 20 ஆம்பியர் பியூஸ் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். ப்ளஸ் மைனஸ் மாறினாலும் சுற்றும், ஆனால் எதிர்த்திசையில். அப்போதும் காற்று அதே பக்கம்தான் வரும், சோகையாக வரும். "கப்ளர் மாத்தினதிலிருந்து காத்து கம்மி" என்று புலம்புகிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

பியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது

பெரிய பியூஸ் போடாதீர்கள். 20 இருந்த இடத்தில் 30 போட்டால் அடுத்தது போவது ஒயர்.

எப்போது போகிறது என்று கவனியுங்கள். சாவி திருப்பிய நொடியில் போனால் ஒயர் எங்கேயோ பாடியைத் தொடுகிறது. ஐந்து, பத்து நிமிடம் நாலில் ஓடிய பிறகு போனால் மோட்டார் அதிகம் இழுக்கிறது, அல்லது சக்கரத்தில் ஏதோ சிக்கியிருக்கிறது. மழைக்காலத்தில் மட்டும் போனால் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் நிற்கும் தொட்டியைத் திறந்து பாருங்கள். இலை அடைத்து, வடிகால் நின்று, தண்ணீர் ப்ளோயர் கூட்டுக்குள் இறங்கியிருக்கும்.

ஒயர் பாடியைத் தொடும் இடத்தைக் கண்டுபிடிக்கப் பியூஸாகக் கொட்டித் தீர்க்க வேண்டாம். மோட்டார் கப்ளரைப் பிடுங்கிவிட்டு, பியூஸ் இருந்த இடத்தில் ஒரு ஹெட்லைட் பல்பை ஒயர் வைத்து மாட்டுங்கள். 55 வாட் பல்பு ஐந்து ஆம்பியருக்கு மேல் விடாது, அதனால் எதுவும் கருகாது. ஷார்ட் இருக்கும் வரை பல்பு பளிச்சென்று எரியும். ஒயர்க் கட்டை ஒவ்வொரு அடியாக ஆட்டிக்கொண்டே போங்கள், எந்த இடத்தில் ஆட்டும்போது பல்பு அணைகிறதோ அங்கே டேப்பைப் பிரியுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் வண்டியில் இப்படித் தேடிப் போய்க் கிடைத்தது எலிக் கூடு. ப்ளோயர் கூட்டுக்குள் தேங்காய் நாரும் பாலித்தீனும் வைத்துக் குடித்தனம். எலிக்குப் புகையிலையை என்ஜின் அறையில் வைக்கும் வழக்கம் நம் ஊரில் உண்டு. வைப்பவர்கள் வைக்கட்டும், கேபின் காற்று இழுக்கும் வாய்ப் பக்கம் மட்டும் வேண்டாம். குறுக்கே ஒரு கம்பி வலை அதைவிட நம்பகமானது.

வருகிறது, போகிறது

வேகத்தடையில் ஏறி இறங்கும்போது வந்துபோனால் கப்ளர் அல்லது எர்த் போல்ட். ப்ளோயரை மூன்றில் ஓடவிட்டு ஒவ்வொரு கப்ளராக ஆட்டுங்கள், எங்கே ஆட்டும்போது சத்தம் தடுமாறுகிறதோ அதுதான். வண்டி சூடானால் மட்டும் நின்று, ஆறினால் ஓடினால் பிரஷ்.

விசிறிச் சத்தம் இருக்கிறது, காற்று இல்லை

இதை ப்ளோயர் கோளாறு என்று நினைத்து மோட்டார் மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரம் ஓடிய பிறகு காற்று மெல்ல மெல்லக் குறையும், சத்தம் அப்படியே இருக்கும். ஏசியை அணைத்து வெறும் ப்ளோயரைப் பத்து நிமிடம் ஓடவிட்டால் காற்று திரும்பும், வண்டிக்கு அடியில் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் கொட்டும். கூலிங் காயிலில் பனிக்கட்டி கட்டியிருக்கிறது. காயிலின் குளிரை அளக்கும் தெர்மிஸ்டர் தப்பாகச் சொன்னால் கம்ப்ரசர் நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காது. அதைக் கழற்றி ஐஸ் தண்ணீரில் முக்கி ஓம் பாருங்கள். குளிரக் குளிர எண் ஏற வேண்டும், அசையாமல் நின்றால் மாற்றுங்கள். அதற்கு முன்னால் பில்ட்டர். எப்போதும் முன்னால் பில்ட்டர்.

ஆட்டோ க்ளைமேட் கார்கள்

இவற்றில் சுருள் ரெசிஸ்டர் கிடையாது, அதே இடத்தில் அலுமினியத் துடுப்புகளோடு ஒரு டிரான்சிஸ்டர் மாட்யூல் இருக்கும். அது ஷார்ட் ஆனால் எந்த வேகம் வைத்தாலும் முழு வேகத்தில் ஓடும், அறுந்தால் எதிலும் ஓடாது. சாவியை எடுத்த பிறகும் ஓடிக்கொண்டே இருந்தால் ரிலேவைப் பிடுங்குங்கள். நின்றுவிட்டால் ரிலேவின் புள்ளிகள் ஒட்டிக்கொண்டன. நிற்காவிட்டால் மாட்யூல் கப்ளரைப் பிடுங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் காலையில் பாட்டரி இருக்காது. சில புது மாடல்களில் வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் கழித்து, காயிலை உலர்த்த ப்ளோயர் தானாக ஓடும். அது கோளாறு இல்லை, கையேட்டில் எழுதியிருக்கும். மாட்யூலுக்கு வரும் மெல்லிய கட்டளை ஒயரில் 21 வாட் லேம்பை வைக்காதீர்கள், கன்ட்ரோல் பேனல் போய்விடும். அங்கே மீட்டர் மட்டும்.

மூடுவதற்கு முன்

எல்லாம் மாட்டிவிட்டு, கிளவ் பாக்ஸைப் போடுவதற்கு முன் என்ஜினை ஓடவிட்டு ப்ளோயரை நாலில் வையுங்கள். மீட்டரின் ஒரு முனை பாட்டரி மைனஸில், இன்னொன்று எர்த் பக்க ஒயரில். எர்த் பக்கம் குமிழ் உள்ள காரில் குமிழிலிருந்து பாடிக்குப் போகும் ஒயரில் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட் காட்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றித் துருவைச் சுரண்டுங்கள். அப்புறம் குமிழை ஒன்றில் வைத்துக் கால் மணி நேரம் விட்டுவிட்டு ரெசிஸ்டர் கப்ளரை விரலால் தொடுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. விரலை வைத்திருக்க முடியவில்லை என்றால் ஸ்க்ரூவை இன்னும் முடுக்காதீர்கள், வேலை முடியவில்லை.